தினமும் நடக்கிறேன், தரையிலிருந்து ஏன் எழ முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 73. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நானும் என் மனைவியும் (வயது 69) இருக்கிறோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டும் கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் சொல்கிறார். எடை 62 கிலோ. வலது முழங்காலில் வலி உண்டு. வேலையில் இருந்த காலத்தில் சங்கிலி பிடித்து வரப்பு வரப்பாக நடந்தவன். இன்றும் தினமும் காலையில் 50 நிமிடம் நடக்கிறேன். அப்படியிருந்தும் சென்ற மாதம் பேத்தியின் காதுகுத்தில் தரைப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபின் எழ முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஊரே பார்த்தது.

கோவையில் இருக்கும் என் மகன் பயந்துபோய் வீட்டோடு இருக்க ஓர் உதவியாளரை ஏற்பாடு செய்துவிட்டான். தண்ணீர் கொண்டுவருவது முதல் செருப்பு மாட்டிவிடுவது வரை இப்போது அந்தப் பையன்தான். மாடிக்குப் போகக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று கட்டளை. என் மனைவிக்கும் சேர்த்துத்தான். அவள் தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குகிறவள்; சமையலறைக்கு மேசை வாங்கிப் போட்டுவிட்டான். நடைப்பயிற்சி என்று ஒரு நாளும் போகாத அவள் கையூன்றாமல் எழுந்துவிடுகிறாள். தினமும் நடக்கும் எனக்கு ஏன் முடியவில்லை? இந்த வயதில் இனி சரியாகுமா? மகனுக்கு என்ன சொல்வது?

பதில்: ஐயா, உங்கள் முதல் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். காய் நறுக்க ஒரு தடவை, கீரை ஆய ஒரு தடவை, பூத்தொடுக்க ஒரு தடவை என்று அம்மா ஒரு நாளில் எத்தனை முறை தரையில் உட்கார்ந்து எழுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பயிற்சி செய்வதில்லை என்று யார் சொன்னது? தன் உடல் எடை முழுவதையும் தரை மட்டத்திலிருந்து தூக்கி நிறுத்தும் வேலையை, கல்யாணமான நாளிலிருந்து விடாமல் செய்துவருகிறார். ஜிம்மில் பணம் கட்டி இளைஞர்கள் செய்வதும் அதைத்தான். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி நாற்காலியில் உட்காருகிறீர்கள். தரைக்கும் உங்களுக்கும் உறவு விட்டுப்போய் எத்தனை வருடம் ஆகிறது?

நடையை நான் குறை சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது. அந்த 50 நிமிடத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம். ஆனால், சமதரையில் நடக்கும்போது எடையைத் தாங்கும் காலின் முழங்கால் சுமார் 20 டிகிரிக்கு மேல் மடங்குவதில்லை. தொடையின் முன்தசைக்கும் பிட்டத் தசைக்கும் அது பெரிய வேலையே இல்லை. தரையிலிருந்து எழுவது அப்படியல்ல. முழுவதுமாக மடங்கிய முழங்காலை எடையோடு நிமிர்த்த வேண்டும். இடுப்பு மடங்கி விரிய வேண்டும். கணுக்கால் வளைந்துகொடுக்க வேண்டும். நடுவழியில் தடுமாறாமல் உடம்பைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். எந்த வேலையை வாங்குகிறோமோ அதற்குத்தான் தசை தயாராக இருக்கும்.

இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. தசையில் மெதுவாக வேலை செய்யும் இழைகளும் உண்டு, சட்டென்று விசை கொடுக்கும் இழைகளும் உண்டு. வயதாக ஆக முதலில் மெலிவது இரண்டாவது வகை. நிதானமாக ஒரு மணி நேரம் நடப்பவர்களால்கூடத் தாழ்வான சோபாவிலிருந்து ஒரே மூச்சில் எழ முடியாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு குறைவது வேகமாக நடக்கிறது. ஆகவே கண்ணாடியில் பார்த்தால் கால் அப்படியேதான் இருக்கிறது என்று தோன்றும்.

பந்தியில் நடந்ததற்கு வேறு காரணங்களும் துணைபோயிருக்கலாம். பழக்கமில்லாமல் அரை மணி நேரம் சம்மணமிட்டால் முழங்கால் இறுகிவிடும். கல்யாணச் சாப்பாடு போன்ற கனமான உணவுக்குப் பிறகு ரத்தம் குடல் பக்கம் திரும்புவதால், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் சிலருக்கு அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். அன்று அப்படி ஏதாவது இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தது என்றால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

இனி சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 73 வயதுதான். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு, முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தது. எல்லோரும் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்கள். பலருக்கு மூட்டுவலி, இதய நோய், எலும்பு முறிவு என்று ஏதாவதொன்று இருந்தது. வாரம் மூன்று நாள் வீதம் 8 வாரம், தொடைத் தசைக்குக் கனமான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் பிறகு வேறு பல இடங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தும் திசை மாறவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எந்த வயதிலும் வலுவை ஏற்றலாம். ஏற்றியதைச் சும்மா உட்கார்ந்து வைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

நடையும் வலுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நடையோடு கால் வலு, சமநிலைப் பயிற்சிகளையும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள் மட்டும். உட்காராமல், ஆள் துணையின்றி 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று சராசரியாக இரண்டரை ஆண்டுக்கும் சற்று அதிகமாகக் கண்காணித்தார்கள். வகுப்பு கேட்டவர்களில் 35.5 சதவீதம், பயிற்சி செய்தவர்களில் 30.1 சதவீதம். மாயாஜாலம் ஒன்றுமில்லை. ஆனால் நூறு பேரில் ஐந்து பேர் கூடுதலாகத் தாங்களே கடைத்தெருவுக்குப் போய்வருகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையும் இதை ஒட்டியதே: 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சி, குறைந்தது மூன்று நாள் சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி. இதில் முதல் பகுதியை நீங்கள் முடித்துவிட்டீர்கள். மற்ற இரண்டையும் தொடவே இல்லை.

அளக்காமல் பேசுவது உங்கள் தொழிலுக்கு ஒவ்வாது. முதலில் அளந்துவிடுவோம். கைப்பிடி இல்லாத, உட்காரும் உயரம் சுமார் 43 சென்டிமீட்டர் உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று அம்மா எண்ணட்டும். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண்களுக்கு 12க்குக் கீழே என்றால் அது சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கு வைத்திருக்கிறது. அம்மாவின் வயதுப் பெண்களுக்கு 11. அமெரிக்கர்களை வைத்துப் போட்ட கணக்கு இது. நமக்குத் தோராயமான அளவுகோல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். அதற்காகக் கலங்க வேண்டாம், ஆரம்பிக்கும் இடம் அது, அவ்வளவுதான். எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

பிறகு ஜன்னல் கம்பி கைக்கு எட்டும் இடத்தில் நின்று சமநிலையைப் பாருங்கள். பாதங்களைச் சேர்த்து வைத்து 10 விநாடி. ஒரு குதிகால் மறு பாதத்தின் கட்டைவிரலைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து 10 விநாடி. கடைசியாக ஒற்றைக்காலில் 10 விநாடி. எந்தப் படியில் தடுமாறுகிறீர்களோ அதுதான் உங்கள் பயிற்சி. பல் துலக்கும்போதே செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். ஈரமான இடத்தில் நின்று செய்வதை நான் ஒப்பமாட்டேன்.

வலுப்பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம், அதே நாற்காலி போதும். நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமல் நெஞ்சை நிமிர்த்தியபடியே எழப் பார்த்து, பின்னாலேயே விழுந்து உட்காருகிறார்கள். எழும்போது வேகமாக, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்காரும்போது மனதுக்குள் நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண், மெதுவாக இறங்கும்போதும் தசை பாடுபடுகிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டு எழுவதாக இருக்க வேண்டும். சிரமமே இல்லை என்றால் பயிற்சி போதவில்லை என்று பொருள். அப்போது நாற்காலியின் உயரத்தைக் குறைக்க வேண்டும். கையூன்றாமல் எழ முடியாதவர்கள் முதலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், பிறகு ஒன்று, பிறகு வெறும் நாற்காலி, அதன் பின் முக்காலி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்தில் மூன்று நாள் போதும். இதோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேருங்கள், கெண்டைக்கால் தசைக்கு. நியூசிலாந்தில் 1990களில் வீட்டிலேயே செய்வதற்கென்று உருவாக்கிய ஒட்டாகோ பயிற்சிமுறை, இப்படிக் கால் வலுவையும் சமநிலையையும் சேர்த்துக் கொடுத்தே முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது.

இப்போது தரை. தரையிலிருந்து எழுவதைத் தரையில் தொடங்கிக் கற்கக் கூடாது; தலைகீழாக, நிற்பதிலிருந்து தொடங்கிக் கற்க வேண்டும். அசையாத கட்டில் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். கீழே மடித்த கம்பளி போடுங்கள். இரண்டு உள்ளங்கையையும் கட்டிலில் ஊன்றி, வலி இல்லாத இடது பாதம் முன்னால் இருக்க, வலது முழங்காலைக் கம்பளியில் வைத்து மண்டியிடுங்கள். உடனே கட்டிலை அழுத்தி எழுந்துவிடுங்கள். முதல் வாரம் இதுமட்டும். மண்டியிடும்போது வலது மூட்டு வலித்தால் காலை மாற்றிப் பாருங்கள். எது ஒத்துவருகிறதோ அதுவே உங்களுக்குச் சரி. இது பழகிய பிறகு இரண்டு முழங்காலும் தரையில். அடுத்து கைகளும் தரைக்கு வந்து, குழந்தை தவழும் நிலை. அதற்கடுத்து அந்த நிலையிலிருந்து ஒருபக்கமாகப் பிட்டத்தை இறக்கி உட்காருவது. ஒவ்வொரு படியிலிருந்தும் வந்த வழியிலேயே திரும்பி எழ வேண்டும். கடைசிப் படி வந்துவிட்டால், சம்மணத்திலிருந்து ஒருபக்கம் திரும்பி, இரு கையும் ஊன்றி, தவழ்ந்து, ஒரு பாதத்தை முன்வைத்து எழுவது தானாக வந்துவிடும். அம்மாவைப் போலக் கையூன்றாமல் எழ வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். ஊன்றி எழுந்தாலும் யாரும் தூக்காமல் எழுந்தீர்களே, அது போதும்.

இதற்கு நான் இவ்வளவு இடம் ஒதுக்குவது பந்திக்காக அல்ல. வயதான பின் எல்லோரும் எப்போதாவது விழுவார்கள். விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஓராண்டு கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஒருமுறையாவது தாங்களாக எழ முடியாமல் போனவர்கள். 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். பலரிடம் அழைப்பு மணிக் கருவி இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அதை அழுத்தவில்லை. அடிபடாமல் விழுந்தாலும் நெடுநேரம் கிடந்தால் தோல் புண்ணாகும், உடலில் நீர் வற்றும், தசை நசுங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கும். எழத் தெரிந்தவருக்கு அது ஒரு சிராய்ப்போடு போய்விடுகிறது.

முழங்கால் வலி இருக்கும்போது இதெல்லாம் செய்யலாமா என்ற பயம் வரும். தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதுமே, இருப்பதைத் தேய்க்காமல் பத்திரப்படுத்துவோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு இன்று உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சையே பயிற்சிதான், மாத்திரையும் ஊசியும் அதற்குப் பிறகு. தொடைத் தசை வலுத்தால் மூட்டு மேல் இறங்கும் சுமையை அது வாங்கிக்கொள்கிறது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். அன்றிரவோ மறுநாள் காலையோ பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் தொடருங்கள். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நாற்காலியை உயர்த்துங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நின்றபடி ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்றது, தூக்க மாத்திரை, இவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தடுமாற்றத்துக்கு இவையும் காரணமாகலாம். சர்க்கரை நோயாளி என்பதால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலில் பயிற்சி செய்யக் கூடாது. சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் உழைப்பின்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், ஆகவே சட்டைப்பையில் நாலைந்து குளுக்கோஸ் மாத்திரையோ ஒரு பொட்டலம் சர்க்கரையோ இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வயதில் தஞ்சைப் பக்கத்து இலையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: மலைபோலச் சோறு, ஒரு கரண்டி சாம்பார், ரசம், மோர். இரவுக்கு இரண்டு இட்லி. புரதம் எங்கே? வயது வந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது முதியோர் மருத்துவ நிபுணர்கள் பலரின் கருத்து. உங்கள் 62 கிலோவுக்கு அது நாளொன்றுக்கு 62 முதல் 74 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராமுக்குக் குறையாது. இரண்டு இட்லியில் நாலு கிராம் தேறினால் அதிகம். பருப்பைக் கெட்டியாக வைக்கச் சொல்லுங்கள், மாலையில் சுண்டல், மீன் சாப்பிடுகிறவர் என்றால் மீன். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கக் கூடும். கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்த பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்த பத்தியை மகனுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

தம்பி, அப்பாவை நாலு பேர் முன்னால் தூக்கி நிறுத்துவதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் பதறத்தான் செய்யும். ஆள் வைத்தது நல்ல காரியம், அவரை அனுப்பிவிட வேண்டாம். அவர் செய்யும் வேலையை மட்டும் மாற்றுங்கள். பரண் மேலிருந்து பாத்திரம் எடுப்பது, சிலிண்டர் நகர்த்துவது, குளியலறைத் தரையைப் பாசியில்லாமல் தேய்ப்பது, மின்விசிறி துடைப்பது, இதெல்லாம் அவருடைய வேலை. தண்ணீர் எடுப்பது, செருப்பு மாட்டுவது, குளிப்பது, துணி மடிப்பது, மாடியில் காயும் வற்றலை எடுத்துவருவது அப்பா அம்மாவுடையவை. அப்பா தரைப்பயிற்சி செய்யும்போது அவர் ஒரு கை தூரத்தில் நிற்கட்டும், கேட்டால் தவிரத் தொடக் கூடாது. யாராவது விழுந்தால் அக்குளைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள். சர்க்கரை நோயாளிகளின் தோள்மூட்டு எளிதில் பாதிக்கப்படும். முதலில் தலையிலோ இடுப்பிலோ அடியா என்று கேட்க வேண்டும். வலி இல்லை என்றால் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டால் அப்பா தானே எழுவார். மாடிப்படியைத் தடை செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருந்தால், படி இறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். தூரப்பார்வைக்கென்று தனிக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சமையலறை மேசைக்குச் செலவழித்ததைவிட இவற்றுக்குக் குறைவாகத்தான் ஆகும்.

அந்த மேசையைப் பற்றித்தான், ஐயா, எனக்கு உங்களைவிட அதிகக் கவலை. நீங்கள் இழந்ததைப் பயிற்சி செய்து திரும்பப் பெறப்போகிறீர்கள். அம்மா இன்னும் இழக்கவே இல்லை. அவரையும் நாற்காலியில் உட்காரவைத்தால் உங்கள் வயதுக்கு வரும்போது அவரும் உங்கள் நிலைக்குத்தான் வருவார். அரிவாள்மணை அதன் இடத்திலேயே இருக்கட்டும். உடம்பு முடியாத நாளில் மேசை உதவும், அதற்காக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குக் குறைவது நடை. தரையில் சளைக்காதவருக்கு இரண்டு தெரு நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். அவரது வயதுப் பெண்களுக்கு எலும்பு அடர்த்தியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கழிப்பறைக்கு மேற்கத்திய கோப்பை வைத்திருந்தால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரவில் மூன்று முறை எழுந்து போகிறவருக்கு அது தேவை. வலுவைப் பகலில், வெளிச்சத்தில், வேண்டுமென்றே வளர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், காய்ச்சலோடும் பசியில்லாமலும் படுத்திருப்பவர் எவ்வளவு இழப்பார்? ‘நன்றாக ரெஸ்ட் எடுங்கள்’ என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். மருத்துவர் தடுக்காத வரையில் சாப்பாட்டைக் கட்டிலில் படுத்தபடி அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கழிப்பறைக்கு நடந்து போங்கள்.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு, ஒருமுறை போய்ச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வெளியே வர முடியாத நிலையில் ஊரில் யாராவது இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில் அதே முப்பது விநாடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் வைட்டமின் டி, தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வலுவிழந்தாலோ, நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் இடறினாலோ, முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்தாலோ வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம், 108ஐ அழைக்க ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.